அந்த 300 சொல் கட்டம்

மூன்று வருடம் நடுவர் குழுவில் இருந்தேன். எங்கள் தொழில் சங்கம் ஆண்டுதோறும் 35 வயதுக்குட்பட்ட பொறியாளர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து 'வளர்ந்து வரும் இளம் வல்லுநர்' என்று ஒரு விருது கொடுக்கும். விண்ணப்பத்தில் தலைமைப் பண்புக்கு 300 சொல், சமூகப் பங்களிப்புக்கு 300 சொல், கூடவே ஒரு மூத்த உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம், அவ்வளவுதான். இந்த முறை நடுவர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாக மேஜையின் மறுபக்கம் வந்து ஒருவருக்காக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு நாளாக எழுதுகிறேன், வரவில்லை. அந்த எரிச்சலில்தான் இந்தப் பதிவு.

யாரோ நாலு பெரிய மனிதர்கள் எங்கெங்கோ தேடி நல்ல ஆட்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யாரும் தேடுவதில்லை. வந்து விழுந்த விண்ணப்பங்களுக்குள்தான் தேர்வு. முதல் வருடம் எனக்கு 58 வந்தன, இரண்டு வார இறுதிகளுக்குள் படித்து மதிப்பெண் போட வேண்டும். இருபதைத் தாண்டும்போது எல்லா முகமும் ஒரே முகமாகிவிடும். பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு எழுதிக்கொடுக்கவே தனி ஆள் உண்டு, வாக்கியங்கள் பளபளவென்று இருக்கும். நாலு பேர் அலுவலகத்தில் வேலை செய்பவர் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து தானே எழுதியிருப்பார், அது படித்த உடனே தெரியும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே தனக்காக அழ ஆள் வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான் பால்.

அப்படி ஒரு விண்ணப்பத்துக்கு நான் குறைந்த மதிப்பெண் போட்டேன். பாதி வாக்கியங்கள் முடியவே இல்லை, செய்த வேலையைச் சொல்லாமல் நன்றி மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதம் கழித்து ஒரு வேலைத்தளத்தில் அவர் செய்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு நான் மதிப்பெண் போட்டது அவருடைய எழுத்துக்குத்தான், அவருக்கு இல்லை.

சமூகப் பங்களிப்புக் கட்டம் இன்னும் மோசம். எண் கேட்கிறார்கள், எண் வருகிறது. '5000 மாணவர்கள் பயனடைந்தனர்' என்று இருக்கும், தோண்டிப் பார்த்தால் பெரிய அரங்கில் நாற்பது நிமிடம் பேசியிருப்பார். '1000 மரக்கன்றுகள் நட்டார்' என்று இருக்கும், எத்தனை பிழைத்தன என்று கேட்க விண்ணப்பத்தில் இடமே இல்லை. மாதாமாதம் ஒரே ஆறு பேருக்கு மூன்று வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் 'பயனடைந்தோர்: 6' என்று எழுதினால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. என் கண்ணும் போயிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

(நடுவில் ஒன்று. 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், விழாவுக்கும் கேடயத்துக்கும் கட்டணம் கட்டுங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் அது விருது இல்லை, வியாபாரம். யாரும் பரிந்துரைக்காமலே தேர்வாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.)

உலகம் முழுக்கப் பேசப்படும் பட்டியல்களும் இதே கட்டத்துக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்போடு சேர்த்துப் பேசப்படும் பத்து சிறந்த இளைஞர்கள் பட்டியல் 1938-ல் தொடங்கியது. ஜான் எஃப் கென்னடிக்கு அந்த விருது கிடைத்தபோது அவர் ஜனாதிபதியாக இன்னும் பல வருடம் இருந்தது, அதனால் ஆளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வந்தது. ஆனால் பட்டியலின் பெயரிலேயே 'ஆண்கள்' என்று இருந்தது. ஜேசீஸ் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க மறுக்க முடியாது என்று 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அங்கே கதவு திறந்தது. அதுவரை பாதிப் பேரைப் பார்க்காமலேயே 'சிறந்த பத்து' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஃபோர்ப்ஸ் வணிக இதழின் '30 வயதுக்குள் 30' பட்டியல் 2011-ல் வந்தது. அதில் இடம்பிடித்த, கிரிப்டோ நாணயச் சந்தை நடத்திய சாம் பேங்க்மேன்-ஃப்ரீட் பிறகு மோசடி வழக்கில் 25 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அதே பட்டியலில் வந்த சார்லி ஜாவிஸ், இல்லாத வாடிக்கையாளர்களை இருப்பதாகக் காட்டித் தன் நிறுவனத்தை 17.5 கோடி டாலருக்கு ஜேபி மார்கன் வங்கியிடம் விற்றவர், அவரும் தண்டிக்கப்பட்டார். 2023-ல் ஃபோர்ப்ஸே, இவர்களையெல்லாம் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்று பத்துப் பேரை வரிசைப்படுத்தி வெளியிட்டது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 28 வயதில் ஒருவர் பத்து வருடம் கழித்து எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கண்ணுக்குத் தெரிகிற எதையாவது பிடித்துக்கொள்கிறோம். அவர்களுக்குத் திரட்டிய முதலீடு தெரிந்தது, எங்களுக்கு மாணவர் எண்ணிக்கை தெரிந்தது.

வயது வரம்பு இன்னொரு தலைவலி. கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் 40 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். ஆண்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்ற நிரூபணத்தில் இருந்த ஓட்டையை 1994-ல் அடைத்து முடித்தபோது அவருக்கு வயது 41. மூன்றரை நூற்றாண்டாக யாராலும் முடியாததைச் செய்தவருக்கு 1998-ல் பதக்கத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளித் தகடு கொடுத்தார்கள். அவருக்காவது தகடு கிடைத்தது. நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொள்ளவோ குழந்தைக்காகவோ ஐந்து வருடம் வேலையை விட்டுவிட்டு வந்தவரிடம் '36 ஆகிவிட்டது, மன்னிக்கவும்' என்கிறோம். வயதைப் பார்க்காமல் தொழிலுக்கு வந்து எத்தனை வருடம் என்று எண்ணலாமே என்று இரண்டு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். குறித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி மகசேசே விருது. அதில் 40 வயது வரையிலானவர்களுக்கென்று வளரும் தலைமைக்கான தனிப் பிரிவு உண்டு, 2016-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவுக்கு அது கிடைத்தது. நன்றாகப் பாடுகிறார் என்பதற்கு அவருக்கு எத்தனையோ சபைகள் விருது கொடுக்கும். இது அதற்கு இல்லை, அந்தக் கலையைச் சாதி வேலி தாண்டி எல்லோருக்கும் உரியதாக்க முயன்றதற்கு. தொழிலில் கெட்டிக்காரர் என்பது ஒன்று, அந்தக் கெட்டிக்காரத்தனத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வேறொன்று. நம் விண்ணப்பங்களில் இந்த இரண்டும் கூழாகிவிடுகின்றன.

சரி, நான் எழுதிக்கொண்டிருக்கும் ஆளுக்கு வருகிறேன். கட்டுமானப் பொறியாளர், 31 வயதுப் பெண். சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து விடுமுறை நாட்களில் பழைய பள்ளிக் கட்டிடங்களுக்குப் போய் விரிசல், ஒழுகல், கூரை எல்லாம் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார். பத்துப் பள்ளி தாண்டுவதற்குள் இது ஐந்து பேரால் ஆகிற காரியம் இல்லை என்று புரிந்துவிட்டது. உடனே இன்னும் ஐம்பது பேரைச் சேர்த்துப் பேனர் அடித்திருந்தால் விண்ணப்பம் சுலபமாக இருந்திருக்கும். அவர் செய்தது ஒரே ஒரு பக்கத் தாள். பள்ளியில் இருக்கும் காவலரோ துப்புரவுப் பணியாளரோ படித்துச் செய்கிற மாதிரி: விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் தேதி எழுதுங்கள், அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இரண்டு வருடம் முன் அவர் வேலை மாறித் தூரமாகப் போய்விட்டார். தாள் மட்டும் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது, கோடுகளும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விவரம் கேட்கப் போனில் கூப்பிட்டேன். "சார், அதுல நான் பெருசா ஒண்ணும் பண்ணல. ஷீட் மட்டும்தான் போட்டேன். மீதி அவங்களே பார்த்துக்கறாங்க" என்றார்.

"அதைத்தான் நான் எழுத வேண்டும், அம்மா" என்று சொன்னேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. நீங்களே உங்களைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புங்கள் என்றால் மூன்று வரி மற்றவர்களைப் பற்றி வந்தது.

என் முதல் வரைவைக் கேளுங்கள்: 'கடின உழைப்பாளி, பொறுமைசாலி, எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர்.' எழுதிவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போய்விட்டேன். காலையில்தான் எப்போதோ படித்த ஒரு ஆய்வு ஞாபகம் வந்தது. 2003-ல் வெளியானது, ஒரு அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை வைத்துச் செய்தது. பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் நீளத்தில் குறைவு, 'பாடுபட்டு உழைப்பவர்' வகைச் சொற்கள் அவற்றில் அதிகம், லேசாகச் சந்தேகம் கிளப்பும் வரிகளும் அதிகம். எனக்கென்ன, நான் அப்படி எழுதுகிற ஆளா என்று ஒரு வேகத்தில், முன்பு ஒரு பையனுக்கு நான் கொடுத்த கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'இந்தத் துறையின் போக்கையே மாற்றக்கூடியவர்' என்று இருந்தது. அந்தப் பையன் செய்தது ஒரு கணக்கீட்டு மென்பொருள். நல்ல மென்பொருள்தான், ஆனால் எங்கள் அலுவலகத்தைத் தாண்டி யாரும் பயன்படுத்தவில்லை.

உரிச்சொல் அத்தனையையும் அழித்தேன். அழித்த பிறகு கட்டத்தில் மிஞ்சியது செய்த வேலை மட்டும், 212 சொல். இன்னும் என்ன போடலாம் என்று யோசித்து, அந்தத் தாள் ஒட்டியிருக்கும் பள்ளிகளில் ஒன்றின் காவலர் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். யார், எதற்கு என்று சொல்லி முடிப்பதற்குள், "இருங்க சார், பார்த்துச் சொல்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டே நடந்தார். செருப்புச் சத்தம் கேட்டது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவரைப் பார்த்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார், மொத்தம் 23. கடைசித் தேதி இந்த மாதம் 2. "ஒரு தடவைதான் கோட்டைத் தாண்டுச்சு, அப்ப வந்து சரி பண்ணிட்டாங்க" என்றார்.

பரிந்துரைக் கடிதம் மூத்த உறுப்பினர் கையெழுத்தோடுதான் வர வேண்டும், காவலர் சொன்னது செல்லாது. அதனால் 300 சொல் கட்டத்துக்குள்ளேயே போட்டுவிட்டேன், 23 தேதிகளையும் வரிசையாக. ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள், இன்று இரவு அனுப்புகிறேன்.