ஏழு குழாயும் சரியாக வந்த நாள்

மூன்று வாரமாக இதே வேலைதான்: அரிசியில் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்தை அளக்கும் எங்கள் முறையை நம்பலாமா என்று சோதிப்பது. இன்றைக்குத்தான் எண்கள் ஒத்துவந்தன.

சோதிக்க எடுத்தது அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், எது எவ்வளவு இருக்கிறது என்று உறுதி செய்து தரும் 1568பி அரிசி மாவு. அதில் மொத்த ஆர்சனிக் கிலோவுக்கு 0.285 மில்லிகிராம். ஆனால் நாம் பயப்பட வேண்டிய கனிம ஆர்சனிக் 0.092 தான், மீதி பெரும்பாலும் டிஎம்ஏ என்ற, நச்சு குறைந்த கரிம வகை. தீட்டிய அரிசிக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த 0.2 வரம்பு கனிம வகைக்கு மட்டுமே. மொத்தத்தை மட்டும் பார்த்தால் நல்ல அரிசியையும் தள்ளிவிடுவோம். மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் 95 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து எடுத்தால், குழாயில் வடிகஞ்சி மாதிரி கலங்கலாக நிற்கும். அதை வடிகட்டி, எச்பிஎல்சி என்ற கருவியில் ஆர்சனிக் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து, அணுக்களை நிறையை வைத்து எண்ணும் ஐசிபி-எம்எஸ்ஸில் அளக்கிறோம். குளோரைடுதான் படுத்தியது. கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து, ஆர்சனிக்கின் அதே 75 நிறையில் வந்து ஆர்சனிக் போலவே தெரியும். அந்தப் போலியை வடிகட்டக் கருவிக்குள் ஹீலியம் வாயு விட்ட பிறகுதான் அடங்கியது.

இன்று ஏழு குழாய், ஏழும் 0.09 பக்கத்திலேயே. கண் கலங்கிவிட்டது.

நாளை கைக்குத்தல் அரிசி. தவிட்டில்தான் ஆர்சனிக் அதிகம் தங்கும். தெரிந்த அளவு ஆர்சனிக்கை நாமே சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.