எஸ்எஸ்டி மாத்தறதுக்கு முன்னாடி பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க

பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா போறதுக்கு முன்னாடி டக் டக்குன்னு சத்தம் போடும், நமக்கே புரிஞ்சுடும், ஃபைலெல்லாம் எடுத்து வெச்சுக்க கொஞ்சமாவது டைம் கிடைக்கும். எஸ்எஸ்டி (சுத்தற பாகம் இல்லாம சிப்லயே டேட்டா வெக்கற டிரைவ்) அப்படி இல்ல. ராத்திரி நல்லா ஓடினது காலைல ஆன் பண்ணா பயாஸ்லயே (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ் திரை) இருக்காது. ஆனா நிறைய டிரைவ் அதுக்கு முன்னாடி சின்னச் சின்ன அறிகுறி காட்டத்தான் செய்யுது, அது எங்க தெரியும்னு தெரிஞ்சிருந்தா போதும். எங்க வீட்டு டெஸ்க்டாப்ல வீட்டம்மா டேலில நாலஞ்சு கடைக்கு கணக்கு எழுதறாங்க, குடும்ப போட்டோ மொத்தமும் அதுலதான் இருக்கு, அதனால இந்த விஷயத்தை நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டு படிச்சேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

அந்த டெஸ்க்டாப்ல இருந்த எஸ்எஸ்டி போறதுக்கு முன்னாடி முதல்ல வந்தது ஃப்ரீஸ். மவுஸ் நகரும், ஆனா எதை க்ளிக் பண்ணாலும் திறக்காது. டாஸ்க் மேனேஜர் ஏற்கனவே திறந்திருந்தா அதுல டிஸ்க் 100 சதவீதம்னு காட்டும், ஆனா பக்கத்துல ரீட் ஸ்பீடு ரைட் ஸ்பீடு ரெண்டும் 0 கேபி. அரை நிமிஷம் கழிச்சு க்ளிக் பண்ணது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா திறக்கும். இதை நிறைய பேர் வைரஸ்னு நினைச்சு விண்டோஸை மாத்திப் போடறாங்க, தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்கை திறந்து பாருங்க. 129, 153ன்னு ஐடி போட்ட வார்னிங் வரிசையா இருந்தா டிரைவ் பதில் சொல்லலன்னு விண்டோஸ் அதை ரீசெட் பண்ணிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம், அதோட 7ம் நம்பர் எர்ரரும் இருந்தா பேட் பிளாக், அதாவது டிரைவ்ல கெட்டுப்போன இடம்.

அப்புறம் டிரைவோட உடல்நிலையைக் காட்டற க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற ப்ரோகிராம். இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், அதுல நீலக் கலர்ல 'குட் 96%'னு காட்டறதைப் பார்த்து நிம்மதியாகிடாதீங்க. பெரும்பாலான டிரைவ்ல அந்த சதவீதம் ஃப்ளாஷ் செல் (டேட்டா உக்காந்திருக்கற சிப்போட சின்னச் சின்ன அறை) எழுதி எழுதி எவ்வளவு தேஞ்சிருக்குங்கற கணக்கு மட்டும்தான். கன்ட்ரோலர் (டிரைவை நடத்தற சிப்) நல்லா இருக்கா, ஃபர்ம்வேர் (அந்த சிப்புல ஓடற ப்ரோகிராம்) ஒழுங்கா ஓடுதாங்கறது அதுல வராது. எங்க டிரைவும் கடைசி வரைக்கும் 90க்கு மேலதான் காட்டிட்டிருந்தது. பாக்க வேண்டியது கீழ இருக்கற வரிசை. சாட்டா டிரைவ்னா (பெரும்பாலும் கேபிள்ல மாட்டற வகை) சி7ன்னு ஒரு லைன் இருக்கும், சிஆர்சி எர்ரர், அதாவது டேட்டா போய் வர்ற வழில வர்ற தப்பு, அது ஏறிக்கிட்டே போனா குத்தம் பெரும்பாலும் கேபிள் மேல, ஐம்பது நூறு ரூபாயோட வேலை முடிஞ்சிடும். எங்களுக்கு சி7 அசையவே இல்ல, 05ல இருக்கற ரீஅலோகேட்டட் கவுன்ட்தான் (கெட்டுப்போன இடத்துக்குப் பதிலா மாத்து இடம் எடுத்த கணக்கு) ஏறிட்டே இருந்தது. என்விஎம்இ டிரைவ்னா (சாட்டாவை விட வேகமான வகை) மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எர்ரர்ஸ்னு ஒண்ணு இருக்கும், அது 0வா இருக்கணும்.

இந்த நிலைல செக் டிஸ்க் ஓட்டறது, விண்டோஸ் ரிப்பேர் பண்றது எதுவும் வேண்டாம், டிரைவுக்கு எழுதற வேலையே குடுக்காதீங்க. முதல்ல டேட்டாவை வெளிய எடுங்க. சாதாரண காப்பி பேஸ்ட் ஒரு கெட்ட இடத்துல மாட்டினா அங்கயே நின்னுடும், அதனால லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கற டூலை யூஸ் பண்ணேன், அது படிக்க வர்ற இடத்தையெல்லாம் முதல்ல அள்ளிட்டு, அடம்பிடிக்கற இடத்தைக் குறிச்சு வெச்சுக்கிட்டு கடைசில திரும்ப வந்து முயற்சி பண்ணும், நடுவுல கரண்ட் போனாக்கூட மேப் ஃபைல் இருந்தா விட்ட இடத்துலேருந்து தொடரும். டேலி ஃபோல்டர் முழுசா வந்துது, போட்டோவும் ஏறக்குறைய எல்லாம் வந்துது.

அதுக்கப்புறம் ஒரு நாள் பயாஸ்ல பார்த்தா டிரைவோட பேரே மாறிடுச்சு. கம்பெனி பேர் இருக்க வேண்டிய இடத்துல 'சாட்டாஃபர்ம் எஸ்11'ன்னு இருந்தது. தெரியாதவங்களுக்கு இது பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். நடக்கறது என்னன்னா, அந்த வகை கன்ட்ரோலர் தன்னோட ஃபர்ம்வேரை ஃப்ளாஷ்லதான் வெச்சிருக்கு, ஆன் பண்ணதும் அங்கேருந்து படிச்சாதான் தான் யாரு, எந்த டேட்டா எந்த செல்லுல இருக்குன்னு அதுக்கே தெரியும். அந்த இடமே படிக்க முடியாமப் போனா தன்னோட அடிப்படைப் பேரை மட்டும் சொல்லிட்டு நின்னுடும். விலை கம்மியான, டிராம் (டிரைவோட சொந்த வேலை மெமரி) இல்லாத நிறைய டிரைவ் வேற வேற பிராண்டு ஸ்டிக்கரோட வந்தாலும் உள்ள இருக்கறது இதே கன்ட்ரோலர்தான், அதனால பிராண்டு மாத்தி வாங்கினேன், அதுவும் போச்சேன்னு புலம்பறவங்க உண்மைல ஒரே டிரைவை ரெண்டு தடவை வாங்கியிருக்கலாம்.

வாரண்டி இருந்தது, மாத்திக் குடுத்தாங்க. ஆனா வாரண்டிங்கறது டிரைவுக்குத்தான், உள்ள இருக்கற டேட்டாவுக்கு இல்ல, பழைய டிரைவை அவங்களே வெச்சுக்குவாங்க. செத்துப்போன டிரைவை நம்மளால அழிக்கவும் முடியாது. ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், கடைக்காரங்க ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் உள்ள இருக்கற டிரைவை யாரோ ஒருத்தர் கைல குடுக்கறோம். அதனால புது டிரைவ்ல முதல் நாளே பிட்லாக்கர் (டிரைவ்ல இருக்கறதை மத்தவங்க படிக்க முடியாம பூட்டற விண்டோஸ் வசதி) போட்டு, ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி பீரோல வெச்சுடுங்க, இது நான் யார் கேட்டாலும் சொல்றது.

மாத்தி வந்த டிரைவ்ல அதே ஸ்டிக்கர், அதே மாடல் நம்பர், ஆனா ஃபர்ம்வேர் வெர்ஷன் வேற. பெரிய வீடியோ ஃபோல்டரை காப்பி போட்டுப் பார்த்தேன், கிராஃப் முதல்ல 400 எம்பிக்கு மேல நின்னுது, கொஞ்ச நேரத்துல அப்படியே செங்குத்தா விழுந்து ஹார்ட் டிஸ்க்கை விட கீழ போய் தரையோட ஓடுச்சு. பழைய டிரைவ் அவ்வளவு மோசமா விழுந்ததில்ல. அப்போ உள்ள சிப்பை மாத்திட்டாங்கன்னுதானே அர்த்தம், பெட்டில ஒரு வரி கூட இல்ல. இது சின்ன பிராண்டு மட்டும் பண்ற வேலையும் இல்ல, 2021ல க்ரூஷியல் பி2 முதல்ல டிஎல்சிங்கற ஃப்ளாஷ் வகைல வந்து நல்ல ரிவ்யூ வாங்கிட்டு அப்புறம் அதே பேர்ல அதை விட மெதுவான க்யூஎல்சிக்கு மாறினதும், அதே வருஷம் வெஸ்டர்ன் டிஜிட்டலோட எஸ்என்550ல ஃப்ளாஷ் மாறி கேஷ் (முதல்ல வேகமா எழுதற தற்காலிக இடம்) நிரம்பின பிறகு ஸ்பீடு குறைஞ்சதும் பெரிய செய்தியாச்சு.

அதனாலதான் சொல்றேன், பெட்டி மேல பெருசா போட்டிருக்கற ஸ்பீடு நம்பரை விடுங்க. டிரைவ் நிரம்பும்போது என்ன ஆகும், கரண்ட் போனா என்ன ஆகும், ஃபர்ம்வேர்ல தப்பு வந்தா கம்பெனி என்ன பண்ணும், இதைத் தேடிப் பாருங்க.

நிரம்பறது எப்படின்னா, டிஎல்சிங்கறது ஒரு செல்லுல 3 பிட், க்யூஎல்சி 4 பிட். 4 பிட் எழுதறது மெதுவான வேலை, அதனால கொஞ்ச இடத்தை ஒரு பிட் மாதிரி வேகமா எழுதி சமாளிப்பாங்க, அதுதான் எஸ்எல்சி கேஷ். அது தீர்ந்தா நிஜ வேகம் வெளிய வந்துடும். சாம்சங் இதை மறைக்காம டேட்டாஷீட்லயே போடறாங்க, 870 க்யூவிஓ 1 டிபில கேஷ் அதிகபட்சம் 42 ஜிபி, அதைத் தாண்டினா வேகம் வினாடிக்கு 80 எம்பிதான். அதே 870ல ஈவோன்னு வர்றது டிஎல்சி. கடைல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருப்பாங்க, பெட்டி பாக்க ஒரே மாதிரி இருக்கும், '870 குடுங்க'ன்னு மட்டும் கேட்டா எது வேணா கைக்கு வரும், முழுப் பேரையும் சொல்லிக் கேளுங்க.

டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டிபி எழுதலாம்னு கம்பெனி சொல்ற அளவு) பத்தி எல்லாரும் பயப்படறாங்க, அது தேவையில்லாத பயம். 870 ஈவோ 1 டிபிக்கு 600 டிபிடபிள்யூ, நீங்க தினமும் 30 ஜிபி எழுதினாக்கூட வருஷத்துக்கு 11 டிபிதான் ஆகும், 50 வருஷத்துக்கு மேல வரும். வீட்டு டிரைவ் தேஞ்சு சாகறது ரொம்ப அபூர்வம். சாகறது கன்ட்ரோலராலயும் ஃபர்ம்வேராலயும்.

ஃபர்ம்வேர்னா எவ்வளவு தூரம் போகும்னு ஒரு உதாரணம். 2019 நவம்பர்ல எச்பிஇங்கற சர்வர் கம்பெனி, சர்வர்ல போடற எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டி சிலதைப் பத்தி ஒரு அறிவிப்பு விட்டாங்க, அப்டேட் பண்ணலன்னா சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் டிரைவ் செத்துடும், டேட்டாவும் திரும்ப வராதுன்னு. அந்த நம்பர் 2ஐ 15 தடவை பெருக்கினா வர்றது, உள்ள மணி எண்ணற கணக்கு அதோட நிரம்பிடுது. ரெய்டு (ஒண்ணு போனாலும் டேட்டா தப்பிக்க பல டிரைவை சேர்த்து ஓட்டறது) போட்டாலும் பிரயோஜனமில்ல, ஏன்னா ஒண்ணா மாட்டின டிரைவ் எல்லாம் ஒண்ணா அந்த மணிக்கு வந்து சேரும். அதுக்கு ரொம்ப முன்னாடி க்ரூஷியல் எம்4ல 5184 மணி நேரம் தாண்டினா ஹேங் ஆகற பக் இருந்து 2012 ஜனவரில அப்டேட் குடுத்து சரி பண்ணாங்க. சாம்சங் 980 ப்ரோல சில டிரைவ் ரீட் ஒன்லில (படிக்கலாம், எழுத முடியாது) போய் பூட்டிக்கிச்சு, அதுக்கும் புது ஃபர்ம்வேர் வந்துது, ஆனா ஏற்கனவே பூட்டிக்கிட்டதை அந்த அப்டேட்டால மீட்க முடியாது. தப்பு எல்லாருக்கும் வருது. நான் பாக்கறது, அப்டேட் டூல் வெச்சிருக்காங்களா, வெளிப்படையா சொல்றாங்களா. எங்களுக்கு முதல்ல இருந்த டிரைவுக்கு கம்பெனி சைட்ல ஒரு ஃபர்ம்வேர் ஃபைல் கூட கிடையாது.

கரண்ட் விஷயம் நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். எந்த டேட்டா எங்க இருக்குங்கற டேபிளை டிரைவ் எப்பவும் மாத்தி மாத்தி எழுதிக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல பளிச்சுன்னு கரண்ட் போயிட்டு வந்தா டேபிளே குழம்பலாம். சர்வர் டிரைவ்ல இதுக்குன்னு வரிசையா கெபாசிட்டர் இருக்கும், வீட்டு டிரைவ்ல அப்படி இருக்காது, அதனால டெஸ்க்டாப்புக்கு ஒரு 600 விஏ யூபிஎஸ் கண்டிப்பா வைங்க, எவ்வளவு நல்ல டிரைவ் வாங்கினாலும் சரி. யூபிஎஸ் பேட்டரி போனதும் நேரா ப்ளக்ல சொருகி ஓட்டறவங்க வீட்லதான் இந்தப் பிரச்சினையை அதிகம் பாக்கறேன்.

கடைசில நாங்க எடுத்தது 870 ஈவோ 1 டிபி. டிஎல்சி, டிராம் இருக்கு, 5 வருஷ வாரண்டி. எங்க போர்டு பழசு, எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை போர்டுலயே நேரா சொருகற இடம்) கிடையாது, அதனால சாட்டாதான், டேலிக்கும் பிரவுசருக்கும் 550 எம்பி தாராளம். உங்க போர்டுல எம்.2 இருந்தா அது என்விஎம்இ எடுக்குமா சாட்டா மட்டும்தானான்னு மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க, பாக்க ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும். என்விஎம்இல டிராம் இல்லைன்னாலும் கம்ப்யூட்டர் ரேமுலேருந்து கொஞ்சம் எடுத்துக்கும், அதனால சாட்டா அளவுக்கு அங்க டிராம் பெரிய பிரச்சினை இல்ல. க்ரூஷியலோட எம்எக்ஸ்500 நல்ல டிரைவ்தான், நானே நிறைய பேருக்கு வாங்கித் தந்திருக்கேன், ஆனா 2025 டிசம்பர்ல க்ரூஷியலோட தாய்க் கம்பெனி மைக்ரான் அந்த கன்ஸ்யூமர் பிசினஸையே மூடறதா அறிவிச்சுட்டாங்க, வாரண்டி தொடரும்னு சொல்லியிருக்காங்க, இருந்தாலும் இனிமே ஸ்டாக் இருக்கற வரைக்கும்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்க, அந்த நம்பரை அங்கயே கம்பெனி சைட்ல போட்டு வாரண்டி தேதி வருதான்னு பாருங்க. வந்ததும் டேட்டா போடறதுக்கு முன்னாடி ஃபர்ம்வேர் அப்டேட், அப்புறம் ஒரு தடவை முழுசா நிரப்பி திரும்பப் படிச்சுப் பாக்கற டெஸ்ட், எச்2டெஸ்ட்டபிள்யூங்கற ப்ரோகிராம் போதும். ஆரம்பத்துலயே கெட்டிருக்கற டிரைவ்னா பெரும்பாலும் இந்த டெஸ்ட்லயே தெரிஞ்சுடும், கடைல மாத்தறதும் ஈஸி.

பேக்கப்புக்கு எஸ்எஸ்டி வேண்டாம், சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. கரண்ட் இல்லாம அலமாரில கிடக்கற எஸ்எஸ்டில டேட்டா மெல்ல மெல்ல கரையும், முழுசா தேஞ்ச வீட்டு டிரைவ் 30 டிகிரில ஒரு வருஷம் டேட்டாவைப் பிடிச்சு வெச்சிருக்கணும்ங்கறதுதான் ஜெடெக்குங்கற சிப் தர அமைப்போட விதி, புது டிரைவ் அதை விட ரொம்ப நாள் தாங்கும், ஆனா நம்ம ஊர் மே மாசத்துல அலமாரிக்குள்ள 30 டிகிரி எங்க இருக்கு. வீட்டம்மா இப்ப தினமும் கணக்கு முடிச்சதும் டேலி பேக்கப்பை ஹார்ட் டிஸ்க்ல போட்டுட்டு வயரைக் கழட்டி வெச்சுடறாங்க. மாத்தி வந்த அந்தப் பழைய மாடல் டிரைவை பையனோட கேமுக்கு மட்டும் போட்டிருக்கேன், அதுல போனாலும் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம்.