டிபியா, குரோனா? மறுபடி ஸ்கோப் பார்த்த பிறகுதான் தெரிந்தது

வலது பக்க அடிவயிற்றில் வலி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், அடிக்கடி வயிற்றுப்போக்கு, காரணமே இல்லாமல் உடம்பு இளைப்பது. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் நம் ஊர் குடல் மருத்துவர்கள் முதலில் இரண்டு பெயர்களை யோசிக்கிறார்கள். ஒன்று குடல் காசநோய். இன்னொன்று குரோன் நோய், அதாவது குடலில் அழற்சியும் புண்ணும் வந்து நீடிக்கிற நோய். எனக்கு இருப்பது எது என்று தெரிவதற்குள் கடந்து வந்ததை எழுதி வைக்கிறேன். இதே குழப்பத்தில் யாராவது கையில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கலாம், அவர்களுக்காக.

வீடு காலடிப்பேட்டையில். வேலை மண்ணடியில், ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுவது. எங்கள் பக்கம் மெட்ரோ வந்தது 2021இல். எனக்கு அது வேகத்துக்காக இல்லை, ஸ்டேஷனில் கழிப்பறை இருப்பதற்காகவே பெரிய உதவியாக இருந்தது. பஸ்ஸில் நெரிசலுக்கு நடுவே வயிறு பிசையும்போது இறங்கி எங்கே போவது? பெண்களுக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் கேஸ் மாத்திரை, பூச்சி மாத்திரை, அப்புறம் ஆன்டிபயாடிக் என்று போனது. ஒரு ஸ்கேனில் குடல்வால் என்றார்கள். அடுத்த ஸ்கேனில் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குடல் சுவர் தடித்திருக்கிறது என்று வந்தது. அதைப் பார்த்த குடல் மருத்துவர் கொலனோஸ்கோபி எழுதினார், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலுக்குள் பார்க்கிற ஸ்கோப்.

எல்லோரும் ஸ்கோப்பைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். ஸ்கோப்புக்கு மயக்க ஊசி உண்டு, தூங்கி எழுந்தால் முடிந்துவிடுகிறது. கஷ்டம் அதற்கு முந்தின ராத்திரிதான். முதலில் கீரை, விதையுள்ள பழம், பயறு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். கடைசி நாள் தெளிந்த ரசம், இளநீர், பால் சேர்க்காத டீ மட்டும். சாயங்காலத்திலிருந்து பேதிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். உப்பும் இனிப்புமாக ஒரு சுவை, குமட்டிக்கொண்டு வரும். எங்களுடையது ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம் இருக்கிற லைன் வீடு. பொதுவில் இரண்டு கழிப்பறை. அன்றைக்கு அம்மா வீடு வீடாகப் போய், "இன்னைக்கு ராத்திரி என் பொண்ணுக்கு ஒண்ணை விட்டுடுங்க, நாளைக்கு அவளுக்கு டெஸ்ட்டு" என்று கேட்டார். ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தன் பங்கு தண்ணீரில் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தார், கரண்ட் போனால் ஆகும் என்று ஒரு டார்ச்சும் கொடுத்தார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. ஆனால் வெளிப்படையாகச் சொன்னதால்தான் அந்த ராத்திரி கழிந்தது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இல்லாதவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே பக்கத்தில் சொல்லிவிடுங்கள். குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

ஸ்கோப்பில் புண்கள் தெரிந்தன. சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் கிரானுலோமா இருக்கிறது என்று வந்தது. அதாவது, உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுகூடிய சின்னச் சின்ன முடிச்சுகள். காசநோயிலும் அது வரும், குரோனிலும் வரும். முடிச்சின் நடுவே திசு செத்துப் பாலாடைக்கட்டி போல் இருந்தால் காசநோய் என்று அடித்துச் சொல்லலாம். எனக்கு அப்படி இல்லை. கிருமியைத் தேடிய பரிசோதனையும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையும் நெகட்டிவ். அண்ணனுக்கு நிம்மதி. "அப்போ டிபி இல்ல, அவ்வளவுதானே டாக்டர்?" என்றான். அவர் தலையாட்டவில்லை. நுரையீரல் காசநோயில் சளி முழுக்கக் கிருமி இருக்கும், குடலில் அது ரொம்பக் குறைவு, அதனால் குடல் சதையில் இந்தப் பரிசோதனைகள் பல நேரம் தவறவிட்டுவிடும் என்றார். நெகட்டிவ் வந்தாலும் டிபி இல்லை என்று ஆகிவிடாது.

அன்றைக்கு அவர் பொறுமையாக விளக்கியதை என்னால் மறக்க முடியாது. 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பரில் குரோனும் உடன் இருந்த இரண்டு மருத்துவர்களும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் ஓர் அழற்சியை விவரித்து எழுதினார்கள். அதற்கு முன்பு இப்படி வந்த பலரைக் காசநோய் என்றே நினைத்திருந்தார்கள். அங்கே காசநோய் குறைந்துபோனதால் இன்று இந்தக் குழப்பமும் குறைவு. நமக்கோ காசநோயும் போகவில்லை, குரோனும் கூடிக்கொண்டு வருகிறது. "மாத்திக் கொடுத்தா ஆபத்தும்மா" என்றார். குரோனுக்கு முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு, அது அழற்சியோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். உள்ளே காசநோய் இருந்தால் ஸ்டீராய்டு அதைப் பரப்பிவிடும். குரோன்காரருக்குக் காசநோய் மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த மாதங்களில் குடல் சுருங்கி அடைப்பு வரை போகலாம்.

குடல் விரிந்து தெளிவாகத் தெரிவதற்காக மன்னிட்டால் என்ற சர்க்கரை வகை கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். அதிலும் முடிவாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் இந்த மாதிரி நிலைமையில் இந்திய மருத்துவர்கள் செய்வதையே செய்யலாம் என்றார்: காசநோய் மருந்தை ஆரம்பித்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் போட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது.

நாலு மருந்து சேர்ந்த மாத்திரை: ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால். எடைக்குத் தகுந்த அளவு, காலையில் வெறும் வயிற்றில். நகர சுகாதார மையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள், காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையப் பதிவேட்டில் பதிவும் செய்தார்கள். பதிவு செய்தவர்களுக்கு ஊட்டச்சத்துக்காக மாதாமாதம் பணம் உண்டு. 2018இல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனையும் பார்வை, நிறம் தெரிவதில் மாற்றம் இருக்கிறதா என்ற விசாரிப்பும் நடந்துகொண்டே இருந்தன.

சொந்தக்காரர்களுக்கு டிபி என்ற வார்த்தையே போதுமாக இருந்தது. பெரியம்மா தாம்பரம் சானடோரியத்தில், அதாவது அங்கிருக்கிற காசநோய் மருத்துவமனையில், கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். டம்ளரைத் தனியாக வைத்தவர்களும் உண்டு. நுரையீரலில் இல்லாமல் குடலில் மட்டும் இருக்கிற காசநோய் இருமினால் பரவாது, எக்ஸ்ரேயில் என் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று அம்மா ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். நுரையீரல் காசநோய்க்கே வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் இருந்தவர்களையும் நெருக்கமான சின்ன வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் அந்த முடிவு வெளிவந்தது. அந்த ஆய்வுக்குப் பெயர் கொடுத்த ஏழை ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும்.

மருந்து ஆரம்பித்ததும் காய்ச்சல் நின்றது. பசித்தது. எடை கொஞ்சம் ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் டிபி என்று உறுதியாகிவிட்டது. "நல்லாத்தானே இருக்க, எதுக்கு இன்னொரு தடவ அந்தப் பவுடரைக் குடிச்சு அவஸ்தைப்படணும்?" என்றான் அண்ணன். செலவையும் பார்த்துதான் கேட்டான், அதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்த ராத்திரியை நினைத்தாலே வயிறு கலங்கியது.

டாக்டர் விடவில்லை. காரணம், 2017இல் வெளியான தில்லி எய்ம்ஸ் ஆய்வு. கடைசியில் குரோன் என்று தெரியவந்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் மருந்தில் ஆரம்ப மாதங்களில் உடம்பு தேறியதுபோல இருந்திருக்கிறது. ஆனால் புண் ஆறியது அவர்களில் மிகச் சிலருக்கே. காசநோய் இருந்தவர்களுக்கோ மருந்து முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. ஆக, நன்றாக இருப்பதாக நோயாளி சொல்வதை வைத்து இந்த இரண்டு நோயையும் பிரிக்க முடியாது, உள்ளே பார்த்தே ஆக வேண்டும். மேல்நாட்டுப் புத்தகத்தில் இதற்கு விடை கிடைத்திருக்காது. இரண்டு நோயும் ஒன்றாகப் புழங்குகிற ஊரில் வேலை செய்கிறவர்கள்தான் இதைத் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியும். என் முடிவு மாறியதே அந்த ஆய்வினால்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது ஸ்கோப்பில் புண்கள் அப்படியே இருந்தன. ஒரு இடத்தில் குடல் குறுக ஆரம்பித்திருந்தது. குரோன்.

அம்மா அழுதார். டிபி என்றால் 6 மாதத்தில் முடிந்திருக்கும், இதுவோ கூடவே இருக்கும் என்பது அவருக்குத் தாங்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்தது வேறு விதமான உணர்வு. இனிமேல் எனக்குச் சேர வேண்டிய மருந்துதான் எனக்குப் போகும்.

காசநோய் மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கி நோயைக் கட்டுக்குள் வைக்கிற அசாதியோபிரின். இந்த மருந்தை ஆரம்பிக்கும்முன் ஒன்றைக் கேளுங்கள். என்யூடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு இந்த மருந்து வெள்ளை அணுக்களை வேகமாகக் குறைத்துவிடும், முடியும் கொத்தாகக் கொட்டும். கொரிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்த விஷயம் இது. ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் இந்த மாற்றம் அதிகம். அந்தப் பரிசோதனைக்கு வழியில்லாத இடத்தில் குறைந்த அளவில் தொடங்கி, ஆரம்ப வாரங்களில் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித்தான் செய்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். குடல் குறுகியிருப்பதால் முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, முழுக் கடலை எனக்குக் கூடாது. முள் எடுத்த மீனும் குழைந்த சோறும் ஒத்துக்கொள்கின்றன. பழைய சோற்றைப் பற்றி அம்மா கேட்டபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, நம் ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று அரசு நிதியில் ஆராய்ச்சி எடுத்திருக்கிறார்கள் என்றார். வடித்து ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கூடும். அது பெருங்குடல் வரை போய், அங்கே நல்ல பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்கும்போது பியூட்டிரேட் உண்டாகிறது. பெருங்குடல் உள்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. "சாப்பிடும்மா, ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல" என்றார். சின்ன வெங்காயத்தை மட்டும் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன், அது எனக்கு வயிற்றை இழுக்கிறது.

இதே இரண்டு பெயரை உங்களிடமும் சொல்லி மருந்து ஆரம்பித்தால், மறு ஸ்கோப் எப்போது என்று அன்றைக்கே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஸ்கோப்பின் படங்கள், சிடி ஸ்கேனின் டிஸ்க் இரண்டையும் பத்திரமாக வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும். பயாப்சி சதையை மெழுகில் பதித்த பிளாக்குகளை லேபில் வைத்திருப்பார்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதற்காக என்று எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளோடு கேட்டு வாங்கலாம். புது ஸ்லைடு போட்டுப் பார்க்க அது போதும், திரும்பச் சதை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இப்போது வேலைக்குப் போய்வருகிறேன். அடுத்த மாதம் மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவு பார்க்க வேண்டும். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்களிலிருந்து வெளிவரும் புரதம் அது. அந்த அளவைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்கோப் எப்போது என்று சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர்.