ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்கு ஏர் கன் எதற்கு?

டீசல் பிக்கப்புக்கு ஆயில் மாற்றக் கொடுத்தால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டை முறுக்கப் பையன் காற்றழுத்தத்தில் சுழலும் ஏர் கன்னோடு வண்டிக்கு அடியில் போனால் கூச்சப்படாமல் தடுத்துவிடுங்கள். நாங்கள் விட்ட ஒர்க்‌ஷாப்பில் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். வெளியே ‘டர்ர்ர்’ என்று சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் மாங்காய் சீசனில் பாதியைத் தின்றுவிட்டது.

எங்களுக்குப் பாலக்கோடு. தக்காளியோ மாங்காயோ, கிடைக்கிற லோடை ஏற்றுவோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்தில் வரிசை எவ்வளவு நீளும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் வண்டி ஒரு முழம் நகரும்போதெல்லாம் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. பின்னால் நின்ற டிரைவர் இறங்கி வந்து, “அண்ணா, கோலம் போட்டுக்கிட்டே போறீங்க” என்றார்.

திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பையன் நீளமான கைப்பிடி போட்டு அந்தப் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினான். அப்புறம் கசிவு கூடியது. மறுபடி போய்க் கேட்டதற்கு மேஸ்திரி வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “பின்னாடி ஆயில் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும்.”

இந்த இடத்தில் யாரும் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். ஆயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கசிகிறது என்று கிடையாது. மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசிந்தாலும், ஃபில்டர் அடியில் கசிந்தாலும், வழிந்து இறங்கித் தாழ்வான இடத்தில்தான் சொட்டும். ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டும் போகும். நான் இன்ஜின் ஆறியபிறகு, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பர் முழுவதையும் டீசல் விட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைத்தேன். முகத்துக்குப் போடும் பவுடரைப் போல்ட்டைச் சுற்றியும் பின்பக்கம் சீல் இருக்கும் இடத்திலும் தூவி, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். பின்பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. போல்ட்டைச் சுற்றி மட்டும் வளையமாகக் கறுத்தது. அதைப் போட்டோ எடுத்து மேஸ்திரியிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கியர்பாக்ஸ் பேச்சு அதோடு நின்றது.

ஆயிலை வடித்துப் போல்ட்டைக் கழற்றியபோது விஷயம் தெரிந்தது. மரையில் அலுமினியத் துகள் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வண்டியின் சேம்பர் அலுமினிய வார்ப்பு, போல்ட் இரும்பு. அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். வாஷரும் பழையதுதான், நசுங்கி ஒரு பக்கம் தகடாகிக் கிடந்தது. புது காப்பர் வாஷர் டீக் காசுக்குக் கிடைக்கிறது. ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றியிருந்தால் முறுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டெஃப்லான் டேப் சுற்றச் சொன்னார் ஒருவர். இந்தப் போல்ட்டில் ஆயிலை நிறுத்துவது மரை இல்லை, வாஷர் உட்காரும் முகம். டேப்பின் பிசிறு உள்ளே போனால் பம்ப்பின் சல்லடையில் போய் அடைக்கும். எம்சீல் வைக்கச் சொன்னவரும் உண்டு. ஆயில் ஊறிய இடத்தில் அது பிடிக்காது, பிடித்தாலும் அடுத்த தடவை ஆயிலை எப்படி வடிப்பது? பெரிய சைஸ் போல்ட் போடலாம் என்பது மட்டும் ஓரளவு நியாயம். ஆனால் அதற்கு முகமும் வாஷரும் பொருந்த வேண்டும், நாளைக்குப் போல்ட் தொலைந்தால் கடையில் லேசில் கிடைக்காது.

கடைசியில் சேம்பரையே இறக்கிக் கோணியில் சுற்றி, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் பஸ் ஏறினேன். ஓசூரில் சிப்காட் இருப்பதால் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயில் நாற்றத்துக்குக் கண்டக்டர் திட்டிக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். போய் இறங்கினால் பட்டறையே இருட்டு. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை 5 மணிக்குத்தான் கரண்ட் வரும் என்றார்கள். வந்தும் அன்றைக்கு வேலை ஆகவில்லை, கோணியைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். கிளம்பும் முன் போன் போட்டு “கரண்ட் இருக்கா?” என்று கேட்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன்.

அடுத்த முறை வேலை செய்த பெரியவர் கையை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவிப் புது மரை வெட்டினார். துகளெல்லாம் கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஹெலிகாயில் என்ற ஸ்டீல் கம்பிச் சுருளை அதில் திருகி இறக்கினார். சுருளின் முனை வெளியே துருத்தாமல், முகத்துக்கு அரைச் சுற்று உள்ளேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வாஷர் சரியாக உட்காராது. உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த வால் துண்டை உடைத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “எண்ணிக்க தம்பி, இது உள்ள விழுந்துடுச்சுன்னு யாராவது பயமுறுத்துவாங்க” என்றார். ஏர் கன் கிளப்பிவிட்ட முகத்தையும் லேசாகச் சீவித் தட்டையாக்கிக் கொடுத்தார். உள்ளே ஸ்டீல் மரை இருப்பதால் பழைய சைஸ் போல்ட்டே போதும்.

மாட்டுவதில் சிக்கலில்லை. கேஸ்கெட் பேஸ்ட் தடவியதும் அவசரப்பட்டு ஆயில் ஊற்றாதீர்கள். டியூபில் போட்டிருக்கிற நேரம் காய விடுங்கள். போல்ட்டை முதலில் விரலால் திருகுங்கள், தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். கடைசி இறுக்கம், எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், வண்டியின் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு. ஆயில் ஊற்றிச் சற்று ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் கீழே இறங்கியபிறகு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் உடனே கறுத்துவிடும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் கசிவோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது எரியும்போது பேரிங்குக்குப் போகும் பிரஷர் ஏற்கெனவே விழுந்திருக்கும். தொப்பூர் கணவாய் நடுவில் எரிந்தாலும் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

இப்போது லோடோடு போய் வந்து அட்டை விரித்து நிறுத்துகிறேன். அட்டை காய்ந்தே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் போய்ச் செலவைக் கேட்டேன். “எங்க பையன் அப்படிச் செய்யமாட்டான்” என்றார்கள். கொஞ்சம் சத்தம் போட்டபிறகு சமாதானத்துக்கு ஓர் ஆயில் ஃபில்டர் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் அது வேறு வண்டியினுடையது.