ராக்லனில் அம்மாவோடு ஒரு கிறிஸ்துமஸ்

ராக்லனுக்குப் போகிற வழியில் அம்மா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னாள். நியூசிலாந்தின் ஹாமில்டனில் இருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் சாலை, அம்மாவுக்கு வளைவு ஆகாது. மூன்றாவது முறை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தபோது கீழே கடல் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கச்சிக்கு அக்டோபரில் பெண் குழந்தை. பேறுகாலம் பார்க்க அம்மா செப்டம்பரிலேயே நியூசிலாந்து வந்துவிட்டாள். நான் இரண்டு வார லீவில் டிசம்பர் 2024-ல் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா செய்து கொடுத்த முந்திரிக்கொத்து ஒரு டப்பா கையில். நியூசிலாந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தின்பண்டம் எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்து மாட்டினால் 400 டாலர் அபராதம். நான் எழுதிவிட்டேன். பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எண்ணெயில் பொரித்தது என்று விளக்கியதும் அந்த அதிகாரி டப்பாவை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் குப்பைக்குப் போனது.

கிறிஸ்துமஸுக்குக் கடற்கரையில் தங்கலாம் என்பது மச்சானின் யோசனை. இங்கே டிசம்பர் நடுக்கோடை. பள்ளிக்கூடம் மூடியதும் பாதி நாடு கடலோரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. 'பாட்ச்' என்று ஒரு சிறிய மரவீட்டை மூன்று நாளுக்கு எடுத்திருந்தார். கடலோர விடுமுறை வீடு எதற்கும் வடக்குத் தீவில் அதுதான் பெயர்.

ஊர் சின்னது. போ ஸ்ட்ரீட் என்ற ஒரே முக்கிய வீதி, அதன் நடுவே வரிசையாக ஈச்சை போன்ற பெரிய பனைமரங்கள், இரண்டு பக்கமும் காப்பிக் கடைகள், செருப்பில்லாமல் நடக்கிற ஜனம். சூப்பர் மார்க்கெட்டிலும் வெறுங்காலோடுதான். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கடலோரமெங்கும் போஹுத்துகாவா மரம் சிவப்பாகப் பூத்திருந்தது. இதழைவிட மகரந்த நூல்கள்தான் பூ. உதிர்ந்து தரையெல்லாம் சிவப்பு விரிப்பு. டிசம்பரில் பூப்பதால் இதைத்தான் இவர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். நம் நாவல், கொய்யா எல்லாம் இதே குடும்பம். அம்மா ஒரு பூவை எடுத்துப் பார்த்துவிட்டு "சாம்பக்கா பூ மாதிரில்லா இருக்கு" என்றாள். தாவரவியலாளர்கள் லத்தீனில் சொல்வதும் அதுதான்.

24-ஆம் தேதி நான் அலைச்சறுக்குப் பழகப் போனேன். ராக்லன் அலைச்சறுக்கு உலகில் பேர் பெற்ற இடம். மனு பே என்ற பாறைமுனையில் அலை இடப்பக்கமாக உடைந்து நீண்டுகொண்டே போகும். தேர்ந்தவர்கள் அதில் வெகுதூரம் வழுக்கிக்கொண்டே வருகிறார்கள். அது நமக்கில்லை. பழகுகிறவர்களுக்கு ஙாருநூயி கடற்கரை. அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கிற நம் 'ங' இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் வேலை செய்கிறது. ஙாரு என்றால் அலை, நூயி என்றால் பெரிய. மேற்குக் கடற்கரையில் இழுப்பு அதிகம் என்பதால் சிவப்பு மஞ்சள் கொடி இரண்டு நட்டு, அவற்றுக்கு இடையில்தான் குளிக்கவேண்டும் என்று உயிர்காப்பாளர்கள் கண்ணைப் பிடுங்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மணல் கறுப்பு. வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து இறங்கி, ஈர மணலுக்குப் போகும்வரை நான் ஓடிய ஓட்டத்தைத் தங்கச்சி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். அம்மா செருப்போடு நின்று குனிந்து ஒரு கை அள்ளினாள்.

"லேய், இது நம்ம மணவாளக்குறிச்சி மண்ணுல்லா!"

கிட்டத்தட்ட. எங்கள் குமரிக் கரையில் கறுப்பு மணலைக் கொடுப்பது இல்மனைட் என்ற கனிமம். கூடவே மோனசைட், கார்னெட். இங்கே டாரனாக்கி எரிமலைப் பாறையிலிருந்து வந்து, கடல் நீரோட்டம் வடக்கே தள்ளிக் கொண்டுவந்து சேர்த்த இரும்பு மணல். பாட்ச்சின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டு போய்த் தேய்த்தால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. இந்த மணலை அள்ளி இங்கே எஃகு செய்கிறார்கள். எங்கள் ஊரில் அள்ளுவது பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

சரி, அலைச்சறுக்கு. தண்ணீர் குளிர். ரப்பர் உடைக்குள் நுழைவதே பாதி உடற்பயிற்சி. ஸ்பாஞ்சுப் பலகையில் குப்புறப் படுத்து, அலை தூக்கும்போது சட்டென்று எழுந்து நிற்கவேண்டும். இரண்டு மணி நேரத்தில் நான் நின்றது மொத்தமாக நாலைந்து வினாடி. எட்டு வயதுப் பொடியன்கள் பக்கத்தில் சர்ரென்று போனார்கள். கரைக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "இதுக்கு எதுக்குடே காசு? எங்கப்பா கட்டுமரத்துல நின்னுட்டேல்லா அலையில ஏறி வருவாரு. கையில துடுப்பும், கூட மீனும் இருக்கும்."

தாத்தா மணக்குடிக்காரர். அம்மா பிறந்ததும் அங்கேதான், பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்தில். கடலோரத்தில் பிறந்தும் அம்மா கடலில் குளித்ததே கிடையாது. பெண்பிள்ளைகளுக்குக் கடல் கரையோடு முடிந்தது.

கிறிஸ்துமஸ் காலை ஏழரை மணிக்கு எங்களுக்கு நடுராத்திரிப் பூசை. கோடை நேரத்தில் நியூசிலாந்து நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால். ஊர்க் கோவிலில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது இங்கே ஜன்னலில் சுள்ளென்று வெயில். பெரியம்மா மகன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். குடிலில் பாலகனை வைத்ததும் வெடிச் சத்தம், இந்தப் பக்கம் கைக்குழந்தை அலறல். அம்மா தலையில் சேலைத்தலைப்பைப் போட்டுக்கொண்டு சமையலறையிலேயே முழங்கால் போட்டாள்.

ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வாங்க மறந்தது என் தப்பு. அன்றைக்கு இந்த நாட்டில் அநேகமாக எல்லாக் கடைகளும் சட்டப்படியே மூடியிருக்கவேண்டும். அதனால் ஆப்பம் போய், மாட்டுக்கறியும் ரொட்டியும் ஆயிற்று. பக்கத்து பாட்ச் பாட்டி பாவ்லோவா கொண்டுவந்து தந்தார். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் அடித்து வேகவைத்து, மேலே கிரீமும் ஸ்ட்ராபெரியும். பதிலுக்கு முந்திரிக்கொத்து கொடுத்தோம். ஒன்றைக் கடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து அம்மா பாதி உடைத்துக் கொடுத்தாள். இருட்ட ஒன்பது மணி ஆனது. நட்சத்திரம் கட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் 26. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு 2004-க்குப் பிறகு ஒரு மறுநாள் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன், நாகர்கோவிலில். மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துக்கொண்டு போனது. சித்தி அந்தக் கரையில் இருந்தாள். ஒவ்வொரு வருடமும் அம்மா கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். இருபதாவது வருடம் பார்த்து இங்கே இருக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல்.

அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பாட்ச்சுக்கு வந்த முதல் நாளே, மேட்டுக்குப் போகிற வழி எது என்று மச்சானிடம் கேட்டு வைத்துக்கொண்டாள். அவரும் சிரிக்கவில்லை. பூமி ரொம்ப நேரம் குலுங்கினாலோ பலமாகக் குலுங்கினாலோ சைரனுக்குக் காத்திராமல் கிளம்பு என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம்.

காலையில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நடைப்பாலத்துக்குப் போனாள். ஊரையும், அந்தப் பக்கம் டே கோப்புவா நிலத்தையும் இணைக்கிற பாலம் அது. இரண்டாம் உலகப்போரின்போது விமானத்தளத்துக்கென்று மாவோரிகளிடம் எடுத்த நிலத்தை அரசு திருப்பித் தராமல், அதில் கோல்ஃப் மைதானம் வந்தது. ஈவா ரிக்கார்ட் என்ற பெண்மணி முன்னால் நின்று, 1978-ல் மைதானத்திலேயே கைதாகி, 1980-களில் அதை மீட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பொம்பள நின்னா வாங்கிருவா" என்றாள்.

பாலத்தின் கைப்பிடியில் பிள்ளைகள் ஏறி நின்று கழிமுகத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பை வி மாதிரி மடக்கிப் பின்புறத்தால் தண்ணீரை அறைவது. அதற்குப் பெயர் மனு. மாவோரியில் மனு என்றால் பறவை. யார் அதிக உயரத்துக்குத் தண்ணீரைத் தெறிக்கவைக்கிறார்கள் என்று போட்டி. ஒரு சிறுமி ஓடி வந்து, தன் துண்டை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு ஏறினாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது, எண்ணுகிறாள். குதித்தவுடன் ஒன்று, மேலே தலை தெரிந்ததும் நிறுத்துவாள். அடுத்தது குதித்ததும் மறுபடி ஒன்று.

கடைசியாக அந்தச் சிறுமி குதித்தாள். அம்மா ஐந்துவரை போனாள். தலை வந்தது. அவள் படியேறி வந்து துண்டை வாங்கிக்கொண்டு ஓடியதும் அம்மா எழுந்தாள்.

"வா மக்கா, காப்பி குடிப்போம்."