1,850 ரூபாய்க்காக முடங்கிய 1,37,000

போன தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நடந்தது. காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆர்டர் பணம் வந்ததா என்று காட்டும் டேஷ்போர்டைத் திறந்தால், வழக்கமாக ‘செட்டில்டு’ என்று பச்சையில் இருக்கிற இடத்தில் ‘ஆன் ஹோல்ட்’ என்று சிவப்பில் இருந்தது. ஒரு வரி, இரண்டு வரி இல்லை, அந்த வாரம் வந்த மொத்த ஆர்டரும். 1,37,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

நான் மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறேன், ஆன்லைனில் மட்டும். கடை கிடையாது, தெப்பக்குளம் பக்கம் வீட்டு மாடியில் ஓர் அறை, இரண்டு பீரோ, ஒரு பேக்கிங் மேஜை, அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் கட்டும் பணம் ஒரு பேமென்ட் கேட்வே வழியாக வரும், இரண்டு நாளில் என் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். மூன்று வருஷமாக ஒரு சிக்கலும் இல்லை.

மெயிலைப் பார்த்தேன். விசாரணை அமைப்பு ஒன்றிடமிருந்து நோட்டீஸ் வந்திருப்பதால் செட்டில்மென்ட் நிறுத்தப்பட்டுள்ளது என்று மூன்று வரி. எந்த ஊர் போலீஸ், எந்த ஆர்டர், எவ்வளவு தொகை, எதுவுமே இல்லை. மெயில் மேல் மெயில் போட்டு நாலாவது நாள்தான் விஷயம் தெரிந்தது. வடக்கே யாரோ ஒருவர் பகுதிநேர வேலை மோசடியில் பணத்தை இழந்திருக்கிறார். அந்தப் பணம் நாலைந்து கணக்கு மாறி, கடைசியில் கையில் வைத்திருந்த ஆள் என்னிடம் ஒரு சேலை வாங்கியிருக்கிறான். 1,850 ரூபாய். நான் கூரியரில் அனுப்பியும் விட்டேன்.

சந்தேகம் 1,850 ரூபாய்மேல். நிறுத்தி வைத்தது 1,37,000. இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கைத்தறி நகரில் எனக்கு முடிச்சுப் போட்டுத் தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். வெள்ளைத் துணியில் நுனிவிரலால் கடுகளவு துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயம் தோய்த்துக் காய்ந்த பிறகு சேலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து, உள்ளே சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளி வரிசையாகத் தெரியும். அந்த வேலைக்கான கூலி தீபாவளிக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். “என்ன தம்பி, இந்த வாரம் காசு வந்துருமா?” என்று கேட்டார். “வந்துரும்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன், வண்டியை எடுக்கும்போது கை நடுங்கியது. மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் அந்தத் தீபாவளிக்குக் கூலி கொடுத்தேன்.

அப்புறம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, இப்படி நடுவில் நிற்கும் நிறுவனத்தின் பணத்தை அரசாங்கம் பிடித்த கதைகளைத் தேடிப் படித்தேன். 2007 ஜனவரியில் நெட்டெல்லர் என்ற ஆன்லைன் பணப் பரிமாற்ற நிறுவனத்தை ஆரம்பித்த இரண்டு பேரை அமெரிக்காவில் கைது செய்தார்கள், ஆன்லைன் சூதாட்டப் பணத்தைக் கடத்தினார்கள் என்று. போய்க்கொண்டிருந்த பணத்தில் சுமார் 6 கோடி டாலரை அரசு பிடித்தது, அமெரிக்க வாடிக்கையாளர்களின் 9.4 கோடி டாலர் எடுக்க முடியாமல் நின்றது. ஆறு மாதம் கழித்து, ஜூலையில், நிறுவனம் 13.6 கோடி டாலரை அரசிடம் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த மாதக் கடைசியிலிருந்து வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தை எடுக்க முடிந்தது. வழக்கு நிறுவனத்தின்மேல், வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பித் தர நிறுவனத்திடம் வழி இருந்தது, அதனால் ஆறேழு மாதத்தில் முடிந்தது.

ஃபுல் டில்ட் போக்கர் என்ற ஆன்லைன் சீட்டாட்டத் தளத்தின் கதை வேறு. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு தளத்தை முடக்கியது. பிறகு பார்த்தால், ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. ஆட்டக்காரர்கள் பணத்தை நிறுவனம் தன் செலவுக்கும் முதலாளிகளுக்கும் எடுத்துக்கொண்டது என்றது அரசு. 2012-ல் போட்டி நிறுவனமான போக்கர்ஸ்டார்ஸ் 73.1 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் பணத்துக்கு வழி பிறந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் சுமார் 27,500 பேருக்கு முதல் தவணை கிடைத்தது 2014 பிப்ரவரியில். கிட்டத்தட்ட மூன்று வருஷம். சூதாட்டம் சரியா தப்பா என்பது இருக்கட்டும், நம் பணத்தைத் தன் பணத்தோடு கலந்து வைக்கிற இடைத்தரகரிடம் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

நம் ஊரில் அந்த விஷயத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வியாபாரிகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்துக் கொடுக்கும் நிறுவனம் அதைத் தனியாக எஸ்க்ரோ என்ற வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும், சொந்தச் செலவுக்குத் தொடக் கூடாது. 2022 செப்டம்பரில் சீனத் தொடர்புள்ள செயலிகள் வழக்கில் அமலாக்கத் துறை ஈஸ்பஸ், ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேடிஎம் போன்ற நிறுவனங்களில் இருந்த 46.67 கோடி ரூபாயை முடக்கியது. அதுவும் அந்தச் செயலிகளோடு தொடர்புள்ள வியாபாரிகள் பெயரில் இருந்த பணம். ஆக, எந்த வியாபாரி, எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் கணக்கு இருக்கிறது. அப்படிப் பிரிக்க முடிகிறபோது, ஒரு வியாபாரியின் பணத்திலேயே எந்த ஆர்டர் என்று பிரிக்க முடியாதா? என் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் இருக்கிறதே!

உயர் நீதிமன்றக் கிளையில் பிராக்டிஸ் செய்கிற பழைய கிளாஸ்மேட் ஒருத்தனைப் பிடித்தேன். ஒத்தக்கடை டீக்கடையில் வைத்து நிதானமாகச் சொன்னான். “டேய், முதல்ல அந்த நோட்டீஸ் காப்பியக் கேட்டு வாங்கு. அது இல்லாம ஒண்ணும் நகராது.” போலீஸ் இப்படி முடக்குவது பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-வது பிரிவில், பழைய சட்டமான சிஆர்பிசியில் அது 102. விடுவிக்க மாஜிஸ்திரேட்டிடம் 503-வது பிரிவில் மனுப் போடலாம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில், கணக்கில் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் இருக்க, சந்தேகம் இரண்டரை லட்சத்தின்மேல்தான் என்பதால், அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை இயக்க விடு என்று சொல்லியிருக்கிறது என்றான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் செய்தது இதுதான். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் மெயிலையும் கேட்வேயில் இந்த மாதிரிப் புகார்களைப் பார்க்கும் நோடல் அதிகாரியிடம் எழுதிக் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு ஆர்டரின் பில், கூரியர் ரசீது, டெலிவரி ஆன தேதி, வாங்கியவன் வாட்ஸ்அப்பில் கலர் கேட்டுப் பேசியது, ஜிஎஸ்டி பதிவு, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அந்த அதிகாரிக்கு அனுப்பினேன். கூடவே, 1,850-ஐ நிறுத்தி வையுங்கள், மற்றதை விடுங்கள் என்று, அந்த 2024 தீர்ப்பையும் வைத்து, அரைப்பக்கக் கடிதம். பதில் இல்லை. வாரம் ஒருமுறை அதையே திரும்ப அனுப்பினேன், ஃபோனும் போட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசியதை அந்த முனையில் இருந்த ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

மனுவை டைப் அடித்து முடித்து மறுநாள் தாக்கல் செய்யலாம் என்று இருந்தபோது, 47-வது நாள், பணம் வந்தது. 1,850 போக மிச்சம் அத்தனையும்.

மச்சான் கடனை அன்றைக்கே அடைத்தேன். பொங்கலுக்கு அக்காவுக்கு அடுத்த இருபது சேலைக்கு முன்பணம் கொடுக்க முடிந்தது.

அந்த 1,850 இன்னும் ஹோல்டில்தான் இருக்கிறது. அது யாருடைய பணம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் வேலை கிடைக்கும் என்று நம்பிக் கட்டிய ஒருவருடையது. அவருக்கே போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு மாதம் ஒரு மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.