சாம்பலுக்கு ஓர் இடம்

அம்மா எழுதிக் கொடுத்தது இரண்டே வரிகள். "என்னைப் பெட்டியில் வைத்து மூடி மண்ணுக்குள் இறக்க வேண்டாம், எரித்துவிடுங்கள். பூசை வைக்காமல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்." முதல்முறை நோயில் படுத்தபோது அந்தத் தாளை என் கையில் திணித்தார். நான் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு இரண்டு வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோழைத்தனம்தான்.

காரணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மூடிய இடம் ஆகாது. லிஃப்டில் ஏற மாட்டார். குளியலறைக் கதவைக்கூடத் தாழிட மாட்டார். உள்ளே ஆள் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செபமாலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். "அருள் மிகப் பெற்ற மரியே" கேட்டால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம்.

அவர் இறந்த அன்று விடியற்காலையில்தான் அண்ணனிடம் தாளைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே, எரித்துவிட்டால் எந்த உடல் என்று நீயே சொல்" என்றார். இறந்தவர்கள் கடைசி நாளில் உடலோடு எழுவார்கள் என்பதுதான் அந்த நம்பிக்கை. என்னிடம் பதில் இல்லை. பங்குத்தந்தையிடம் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் எரிக்கச் சொன்னார்?" எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளை இழந்து வந்து நிற்கிறோம், விசாரணை நடத்துகிறாரே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் முழுவதும் அந்த 'ஏன்' மீதுதான் நிற்கிறது. 1886-இல் ரோம் தகனத்தைத் தடை செய்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் தகனத்துக்குக் கொடி பிடித்தவர்களில் ஒரு பகுதியினர், உயிர்ப்பாவது மண்ணாவது என்று திருச்சபைக்குச் சவால் விடுவதற்காகவே அதைச் செய்தார்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, தன்னை எரிக்கச் சொன்னவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கையே மறுத்தது. 1963-இல் அந்தத் தடை தளர்ந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1176-ஆம் சட்டம் இன்றைக்கு நடைமுறையில் இருப்பது: அடக்கம் செய்யும் வழக்கத்தையே திருச்சபை மிகவும் பரிந்துரைக்கிறது, ஆனால் கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காகத் தேர்ந்துகொண்டாலொழிய தகனத்தைத் தடுப்பதில்லை.

குளியலறைத் தாழ்ப்பாள் கதையைச் சொன்னேன். ஃபாதர் சிரித்துவிட்டார். "இதில் விசுவாச மறுப்பு எங்கே இருக்கிறது?" என்றார்.

அண்ணனுக்கு அது போதவில்லை. அவர் விவிலியத்தை நன்றாகப் படித்தவர். ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுண்ணாம்பாகும்வரை எரித்ததற்காக மோவாபு நாட்டைக் கடவுள் தண்டிக்கப்போவதாக இறைவாக்கினர் ஆமோஸ் சொல்வதை எடுத்துப் போட்டார். நான் இஸ்ரயேலின் முதல் அரசர் சவுலை எடுத்துப் போட்டேன்: யாபேசு ஊர்க்காரர்கள் அவருடைய உடலையும் பிள்ளைகளின் உடல்களையும் மீட்டு வந்து எரித்து, எலும்புகளை மரத்தடியில் புதைத்து, ஏழு நாள் நோன்பு இருந்தார்கள். அவர்கள் சவுலின் பகைவர்கள் அல்லர், நன்றி மறவாதவர்கள். உண்மையைச் சொன்னால் இரண்டு பகுதிகளுமே உயிர்ப்பைப் பற்றிப் பேசவில்லை. எரிக்காதே என்று ஒரு கட்டளையும் எங்கேயும் இல்லை. நாங்கள் இருவரும் வசனங்களைக் கல்லாக எறிந்துகொண்டிருந்தோம்.

ஃபாதர் வசனம் சொல்லவில்லை. 177-ஆம் ஆண்டு நடந்ததைச் சொன்னார். இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், அவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி எழுந்து வருவார்கள் பார்ப்போம் என்பது அவர்களின் எண்ணம். "தீயால் உயிர்ப்பைத் தடுக்க முடியும் என்று நம்பியவர்கள் அந்தக் கொலைகாரர்கள். அவர்களின் இறையியல் நமக்கு எதற்கு?" என்றார். அண்ணன் வாயடைத்துப்போனார், ஆனால் முகம் தெளியவில்லை.

ஃபாதர் சொல்லாத இன்னொன்றை நானே பிறகு படித்தேன். திருச்சபையை விமர்சித்த ஆங்கிலேய இறையியலாளர் ஜான் விக்ளிஃப் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பின், 1428-இல், அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்துச் சாம்பலை ஆற்றில் எறிந்தார்கள். அதைச் செய்தவர்கள் திருச்சபைக்காரர்களேதான்.

அம்மாவின் உடல் வீட்டில் இருந்த அந்த இரவு இரண்டு மணிக்கு அண்ணன் மறுபடியும் தொடங்கினார். இந்த முறை சண்டைக்காக அல்ல. எரிந்து புகையாகப் போனதைக் கடவுள் எப்படிச் சேர்ப்பார் என்று உண்மையாகவே கேட்டார். பழங்காலத் திருச்சபையின் அறிஞர் புனித அகுஸ்தினார் இதைவிடக் கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டியதைச் சொன்னேன்: பஞ்சத்தில் ஒரு மனிதன் இன்னொருவனைத் தின்றுவிட்டால், அந்தச் சதை கடைசி நாளில் யாருடையது? சதை முதலில் யாருடையதோ அவனுக்கே திரும்பும் என்பது அவர் சொன்ன விடை. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நரமாமிசத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது சட்டென்று உறைத்தது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்று முழுவதும் அடக்கிவைத்திருந்த அழுகையும் அப்போதுதான் வந்தது.

எனக்குப் பிடித்த பதில் திருத்தூதர் பவுலுடையது. விதைத்தது அப்படியே முளைத்து வருவதில்லை. மடிந்த விதையிலிருந்து வேறு உருவில் பயிர் வருகிறது. பயிர் விதையின் துகள்களைப் பொறுக்கிச் சேர்த்துச் செய்ததல்ல, ஆனாலும் அது அந்த விதையேதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உவமை மண்ணுக்காகச் சொன்னது. விதையை யாரும் எரித்துவிட்டு விதைப்பதில்லை. அடக்கம்தான் உயிர்ப்பைத் தெளிவாகச் சொல்கிறது, இயேசுவும் கல்லறையில்தான் வைக்கப்பட்டார் என்று ஃபாதர் சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை. ரோமானியர் காலத்தில் மினூசியுஸ் பெலிக்ஸ் என்ற கிறிஸ்தவர் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: தீயால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இருந்தாலும் பழைய, மேலான வழக்கமாகிய அடக்கத்தையே கைக்கொள்கிறோம். அன்று சொன்னதுக்கே திருச்சபை நெடுந்தூரம் சுற்றித் திரும்பியிருக்கிறது.

(அண்ணி ஆர்த்தடாக்ஸ் எனப்படும் மரபுவழித் திருச்சபையில் பிறந்தவர். "எங்கள் பக்கமாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்தச் சபைகள் பெரும்பாலும் தகனத்தை ஏற்பதில்லை. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபைகளோ பெரும்பாலும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகின்றன. ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயர் வில்லியம் டெம்பிள் 1944-இல் இறந்தபோது அவரையே தகனம்தான் செய்தார்கள்.)

இனி நடைமுறை. இதே வழியில் போகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும், எடுக்காமல் உலைக்குள் விட மாட்டார்கள். படிவத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு இருந்தது எங்களுக்கு நினைவு வந்தது. அதை எடுக்க ஆள் தேடியதில் அரை நாள் போனது.

பூசை, உடல் இருக்கும்போதே நடந்தது. திருச்சபை விரும்புவதும் அதைத்தான்: முதலில் உடலோடு திருப்பலி, அதன்பிறகு தகனம். தீர்த்தம், தூபம், பாட்டு எதுவும் மாறவில்லை. கல்லறைக்குப் போவதற்குப் பதில் தகன நிலையத்துக்குப் போனோம், அவ்வளவே. அங்கே ஊழியர் ஒருவர் அம்மாவின் விரல்களில் சுற்றியிருந்த கண்ணாடிமணிச் செபமாலையைக் காட்டி, இதை உள்ளே அனுப்பக் கூடாது என்றார். அண்ணன்தான் கழற்றினார். விரல்கள் விறைத்திருந்ததால் நேரம் பிடித்தது. மாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு பெட்டியின் மூடியைப் போட்டார்கள். உலையின் கதவும் இறங்கியது. மூடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவரை மூடியோடுதான் அனுப்பிவைத்தோம் என்பது அந்த நொடியில்தான் எனக்கு எட்டியது. அதற்கு ஆறுதல் சொல்ல ஒரு சட்டமும் இல்லை.

மறுநாள் சாம்பலை வாங்கப் போனேன். அடுப்புச் சாம்பலைப் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெளிறிய நிறம், பருமணலைப் போன்ற நறநறப்பு, இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை. அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரி சூட்டில் தசையும் மற்றவையும் போய்விடுகின்றன. மிஞ்சுவது எலும்பு மட்டும், பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதை இயந்திரத்தில் பொடித்துத் தருகிறார்கள். நாம் சாம்பல் என்று அழைப்பது சாம்பலே அல்ல.

எல்லா விவாதங்களையும்விட இதுதான் வீட்டில் வேலை செய்தது. "இது எலும்பு, அண்ணா" என்றேன். சாகும்போது யோசேப்பு தன் எலும்புகளை எகிப்திலிருந்து எடுத்துப்போகும்படி சத்தியம் வாங்கியதையும், மோசே அவற்றைச் சுமந்துகொண்டு புறப்பட்டதையும் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவரே சொன்னார். பேழையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ஒருமுறைகூட அவர் 'சாம்பல்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் தொல்லை அங்கிருந்துதான் தொடங்கியது.

அந்தப் பேழையை வீட்டில் அம்மாவின் புத்தக அலமாரியில் வைத்தேன். ஒன்பது நாள் அங்கே இருந்தது. போகவர அதனிடம் பேசவும் பழகிவிட்டேன். கடைசி நாளன்று தங்கை வந்தாள். கொஞ்சம் கடலில் விட வேண்டும், கொஞ்சம் ஒரு லாக்கெட்டில் வைத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். ஃபாதரிடம் கேட்டால் இரண்டுமே கூடாது என்றார். போதாததற்கு, நான் வீட்டில் வைத்திருந்ததும் கூடாதாம். 2016-இல் வத்திக்கான் தந்த அறிவுரை இது: சாம்பலைக் கல்லறைத் தோட்டம், ஆலயம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும், காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது, நகையாகவோ நினைவுப் பொருளாகவோ ஆக்கக் கூடாது, குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது.

தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மாவை எங்கே வைப்பது என்று ரோமிலிருந்து சொல்வார்களா?" எனக்கும் பாதி மனம் அவள் பக்கம்தான். தூவினால், மனிதன் இயற்கையோடு கரைந்து போகிறான், அதோடு எல்லாம் முடிந்தது என்று பொருள்படும் என்பது அந்த அறிவுரை சொல்லும் ஒரு காரணம். லாக்கெட் கேட்கும் மகளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். இன்னொரு காரணம்தான் என்னை அசைத்தது. வீட்டு அலமாரியில் இருப்பவர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தம். நாங்கள் போன பிறகு அந்தப் பேழை என்னவென்றே தெரியாத ஒருவர் கையில் அது சிக்கும். கல்லறையில் இருப்பவருக்காக முன்பின் தெரியாதவரும் ஒரு செபம் சொல்லிவிட்டுப் போவார்.

2023 டிசம்பரில் இத்தாலியக் கர்தினால் மத்தேயோ சூப்பிக்கு அனுப்பிய பதிலில் ரோம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. இறந்தவரின் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைத்துக்கொள்ளும் வேண்டுகோளைத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம். எழுதிக் கேட்போமா என்று தங்கையிடம் கேட்டேன். அவள் பேழையைத் தூக்கிப் பார்த்தாள். அதன் கனம் அவளுக்கும் எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். "எதை வைத்துப் பிரிப்பீர்கள், கரண்டியாலா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பாவின் கல்லறையிலேயே வைத்துவிடுவது என்று மூவரும் முடிவு செய்தோம்.

கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் படிவம் நிரப்பப் பெட்டியின் நீளம் கேட்டார்கள். பெட்டி இல்லை, பேழை என்றேன். நீளம் எழுதாமல் படிவத்தை வாங்க முடியாது என்றார்கள். மூன்றாவது முறை போனபோது பேழையின் உயரத்தை அளந்து 'நீளம்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அதுவரை பேழை ஆலயத்தின் பக்க அறையில் இருந்தது.

அன்று நாங்கள் ஐந்து பேரும் ஃபாதரும் மட்டும். உடலுக்குத் தரும் அதே மரியாதையோடு ஃபாதர் பேழைக்கும் செபித்தார், தீர்த்தம் தெளித்தார். அப்பாவின் கல்லறையில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்திருந்தார்கள். அண்ணன் குனிந்து பேழையை இறக்கினார். மேலே போடுவதற்குக் கற்பலகையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள்.

"மூடிவிடலாமா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிமணிச் செபமாலையை எடுத்தார். "கொஞ்சம் இருங்கள்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, தோட்டத்தின் கோடி வரைக்கும் கேட்கும்படி, "அருள் மிகப் பெற்ற மரியே" என்று தொடங்கினார். பத்து மணிகளையும் சத்தமாகவே சொன்னோம். பிறகு மாலையைப் பேழையின் மேல் வைத்துவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டார்.